ஆண்டு விழாவுக்கு 1,10,000, புத்தகத்துக்கு 6,000

அரிசி மில்லில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். தவிட்டுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் விடாததால் 2014இல் மில்லை விட்டு, ஒரு சிறிய அறக்கட்டளைக்குக் கணக்காளராக வந்தேன். மரக்காணத்தைச் சுற்றியுள்ள உப்பள ஊர்களிலும் மீனவக் குப்பங்களிலும் பன்னிரண்டு மாலைநேரப் படிப்பு மையங்களை நடத்துகிற அமைப்பு அது. மையத்துக்கு இருபத்தைந்து பேர் வீதம் முந்நூறு பிள்ளைகள். வாடகை வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேசை, டேலி என்ற கணக்கு மென்பொருள் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர், வவுச்சர் கட்டுகள் அடுக்கிய ஒரு பீரோ.

முதல் இரண்டு வருஷம் நான் பட்ஜெட் போட்ட விதத்தைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. மார்ச் கடைசி வாரம் போன வருஷத்து எக்செல் தாளைத் திறப்பேன். வருஷத்தை மாற்றி வேறு பெயரில் சேமிப்பேன். எல்லாத் தலைப்பிலும் பத்து சதவீதம் ஏற்றுவேன். வளர்கிற பையனின் கால்சட்டைக்கு மடிப்பு அவிழ்த்துவிடுவது போலத்தான். அரை நாளில் வேலை முடிந்துவிடும். டிரஸ்டிகள் கூட்டத்தில் கடைசி வரியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். காபி வரும்.

2016 மார்ச்சில் நடந்த கூட்டத்தில் அந்தக் காபி ஆறிப்போனது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் அக்காதான். வழக்கமாகக் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். அன்று தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து ஆபீஸ் சுவரைப் பார்த்தார். “மூன்றாம் வகுப்பு முடிக்கிற எந்தப் பிள்ளையும் தமிழைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும்” என்று நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்தோம். அமைப்பு தொடங்கிய நாளிலிருந்து அதுதான் எங்கள் குறிக்கோள்.

“சார், செவுத்துல எழுதியிருக்கறது இந்தத் தாள்ல எந்த வரியில இருக்கு?” என்றார்.

நான் புத்தகச் செலவைக் காட்டினேன். வருஷத்துக்கு 6,000 ரூபாய். முந்நூறு பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 20 ரூபாய். அதற்கு நாலு வரி கீழே ஆண்டு விழா, 1,10,000 ரூபாய். அதைப் பிரித்தால் தலைக்கு 366 ரூபாய் சொச்சம். ஷாமியானா, மைக்செட், பொன்னாடை, ஷீல்டு, விருந்தினர் சாப்பாடு, வீடியோ. யாரும் திருடவில்லை. எல்லாவற்றுக்கும் பில் இருந்தது, ஆடிட்டும் சுத்தமாக முடிந்திருந்தது. ஆனால் எங்கள் பட்ஜெட்டை மட்டும் படிக்கிற ஒரு வெளியாள், இது வருஷத்துக்கு ஒரு விழா நடத்துவதற்காக உள்ள சங்கம் என்றுதான் நினைத்திருப்பார்.

அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் போடச் சொன்னார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மில்லில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கணக்கு புரியவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிட்டு மெஷினருகே போய் நிற்பேன். நூறு கிலோ நெல் உள்ளே போனால் அரிசி எத்தனை, குருணை எத்தனை, தவிடு எத்தனை என்று கண்ணால் பார்த்தால்தான் எண்ணுக்கு உயிர் வரும். அதே போல ஒரு மையத்தில் போய் உட்கார்ந்தேன்.

சமுதாயக் கூடத்தின் திண்ணை, ஒரே ஒரு டியூப் லைட். சாயங்காலம் ஐந்தரைக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். டீச்சர் அதே ஊர்ப் பெண், தபால்வழியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தவர். கைக்கடிகாரத்தைக் கழற்றி நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறித்தேன். வருகைப் பதிவும் பெஞ்சு ஒழுங்கும் 15 நிமிஷம். பள்ளிக்கூட வீட்டுப்பாடம் 50 நிமிஷம். சுண்டல் கொடுத்துக் கை கழுவ 20 நிமிஷம். பென்சில் சீவி, சண்டை தீர்த்து, தண்ணீர் குடிக்க விட்டதில் 20 நிமிஷம். வாசிப்பு 12 நிமிஷம். அந்த 12 நிமிஷத்துக்கு இருபத்தாறு பிள்ளைகள் நடுவில் ஒன்பது புத்தகங்கள், இரண்டுக்கு அட்டை இல்லை. ஒரு பையன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கதையை ஒப்பித்தான். அத்தனை தடவை கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது.

அந்தப் 12 நிமிஷத்தை 40 ஆக்க என்னென்ன வேண்டும்? இதுதான் பட்ஜெட்டின் கேள்வி என்று அந்தத் திண்ணையில்தான் எனக்குப் பிடிபட்டது.

மறுநாள் நானும் அக்காவும் நான்கு டீச்சர்களும் சார்ட் பேப்பரில் ஐந்து பத்தி கோடு போட்டோம். என்ன நடக்க வேண்டும், அதற்கு என்ன வேலை, யார் செய்வது, எந்த மாதம், எவ்வளவு ரூபாய். ரூபாயைக் கடைசிப் பத்தியாக வைத்ததுதான் முக்கியம். பணத்தை முதலில் எழுதினால் கை தானாகப் பழைய தலைப்புகளைத் தேடிப் போகும். இன்னொன்றும் கவனித்தேன். பல அமைப்புகளின் திட்டத்தில் மூன்றாம் பத்திதான் காலியாக இருக்கும். வேலை எழுதியிருப்பார்கள், ஆள் பெயர் இருக்காது. ஆள் இல்லாத வேலைக்கு ஒதுக்கிய பணம் வருஷக் கடைசியான மார்ச்சில் தேவையில்லாத நாற்காலியாக மாறும்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் நூறு புத்தகம் வாங்க வழியில்லை. நாற்பது போதும், ஒரு துணிப் பையில் போட்டு மாதாமாதம் பக்கத்து மையத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் வருஷம் முழுக்கப் புதுப் புத்தகம் கிடைக்கும் என்று ஒரு டீச்சர் சொன்னார். 480 புத்தகம், சராசரி 35 ரூபாய், ஆக 16,800. வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று மாதம் ஒரு சனிக்கிழமை டீச்சர்களைக் கூட்ட வேண்டும். பஸ் 50, சாப்பாடு 80, பன்னிரண்டு பேர், பத்து மாதம். அது 15,600. வருஷத்தில் மூன்று முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் போய்வரும் செலவு மையத்துக்கு 300 வீதம் மூன்று சுற்றுக்கு 10,800. மொத்தம் 43,200 ரூபாய்.

யாரும் பேசவில்லை. இத்தனை வருஷமாக “பணம் இல்லாததால்” செய்ய முடியாமல் இருந்த வேலையின் விலை, ஆண்டு விழாவில் பாதிகூட இல்லை.

விழாவை நிறுத்தவில்லை, உடைத்தோம். ஒவ்வொரு ஊரிலும் திண்ணையிலேயே ஒரு வாசிப்பு நாள், தலைக்கு ஒரு பத்தி, முன்னால் அம்மா அப்பா. மையத்துக்கு 1,500 வீதம் 18,000 ரூபாய். மிச்சம் 92,000. அதில் வாசிப்புக்கு 43,200 போக, டீச்சர்களின் மதிப்பூதியத்தை 3,000இலிருந்து 3,300 ஆக்கினோம். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு மாதம், அதுவும் சரியாக 43,200 வந்தது. நம்பாமல் கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டினேன்.

வெட்ட மறுத்த ஒரு தலைப்பையும் சொல்ல வேண்டும். சுண்டல். பிள்ளைக்கு 4 ரூபாய், மாதம் 22 நாள், பதினோரு மாதம், முந்நூறு பேர் என்று கூட்டினால் 2,90,400. மொத்தப் பட்ஜெட் அப்போது 14 லட்சத்தை ஒட்டி இருந்தது, அதில் ஐந்தில் ஒரு பங்கு. டிரஸ்டி ஒருவர், “நாம படிப்பு சொல்லிக் குடுக்குற அமைப்பா, ஓட்டலா? பள்ளிக்கூடத்துல மதியச் சாப்பாடு இருக்கே” என்றார். எண்ணை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். திண்ணை டீச்சர் பதில் சொன்னார்: “சார், உப்பளத்துக்குப் போன அம்மா வந்து உலை வெக்க ஏழு மணி ஆவும். சுண்டல நிறுத்துனா பாதிப் புள்ளைங்க வராது. வர்ற பாதியும் பசியில தூங்கும்.” குறிக்கோளோடு நேராக ஒட்டாத செலவெல்லாம் வீண் என்று முடிவு கட்டினால் இங்கேதான் சறுக்கும். சுண்டலை “உணவு” என்ற தலைப்பிலிருந்து தூக்கி “வருகை” என்ற தலைப்பில் வைத்தேன். அடுத்த வருஷம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தலைப்பின் பெயர் அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். டிரஸ்டிகள் படிப்பது அதைத்தான்.

விழாவை உடைத்ததற்கு விலையும் கொடுத்தோம். மேடையில் மாலை விழுந்தால்தான் மனம் நிறையும் என்று ஒரு நன்கொடையாளர் இருந்தார், வருஷம் 50,000 தருவார். அந்த வருஷத்தோடு நின்றுகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டியே வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லாதது எங்கள் தவறு. இப்போதெல்லாம் ஒரு தலைப்பை வெட்டுவதற்கு முன், அதன் ஓரத்தில் பென்சிலால் “இதனால் யாருக்கு மனம் வருந்தும்?” என்று எழுதிக்கொள்கிறேன்.

அடுத்த அடி 2017இல் விழுந்தது. ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்பாகச் செலவழிக்கும் பணம், உறுதியானது. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவழிக்க வேண்டும் என்று இருக்கிறதல்லவா, அந்தப் பணம். ஏப்ரலில் முதல் தவணை என்று சொன்னார்கள். நானும் ஏப்ரலில் வரும் என்றே எழுதினேன். அவர்கள் போர்டு கூடி, ஒப்புதல் வந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, எங்கள் பதிவுச் சான்றிதழ்களை மூன்றாம் தடவையாக ஸ்கேன் செய்து அனுப்பி, பணம் வந்து விழும்போது ஆகஸ்ட் பாதி.

நடுவில் நான்கு மாதம். தலைவர் வீட்டு அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்தார். ஏப்ரல், மே மதிப்பூதியம் அந்த அடகில் ஓடியது. ஜூனும் ஜூலையும் நின்றுவிட்டன. இரண்டு டீச்சர்கள் வேலையை விட்டார்கள். ஒருவர் திண்டிவனத்தில் ஜவுளிக் கடையில் சேர்ந்தார். ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து, பிள்ளைகள் பெயரெல்லாம் தெரிந்து, யார் எந்த எழுத்தில் தடுக்குவார்கள் என்று சொல்லக்கூடியவர். வருஷ மொத்தத்தில் எங்கள் வரவும் செலவும் அந்த ஆண்டு அழகாகப் பொருந்தின. ஆடிட்டர் பாராட்டினார். ஆனால் இரண்டு மையங்களில் வாசிப்பு அந்த வருஷம் முன்னேறவே இல்லை.

பணம் போதவில்லை என்பதைவிட, எந்த மாதம் வரும் என்று தெரியாததுதான் எங்களை அடித்தது. அதிலிருந்து வருஷ பட்ஜெட்டோடு மாதவாரித் தாள் ஒன்றும் போடுகிறேன். பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் மாதத் தொடக்க இருப்பு, வருவது, போவது, மிச்சம். வருவதை மூன்று நிறத்தில் எழுதுவேன். வங்கியில் விழுந்தது கறுப்பு. கடிதமோ ஒப்பந்தமோ கையில் இருப்பது நீலம், அதையும் சொன்ன தேதிக்கு மூன்று மாதம் தள்ளித்தான் எழுதுவேன். “கண்டிப்பா செய்யறோம் சார்” என்ற வாய்ச்சொல் பென்சில். பென்சில் தொகையைக் கூட்டலில் சேர்ப்பதே இல்லை. எந்தக் கட்டத்தில் மிச்சம் மைனஸுக்குப் போகிறதோ அதற்கு நான்கு மாதம் முன்பே டிரஸ்டிகளிடம் சொல்லிவிடுவேன். நான்கு மாதம் இருந்தால் யாரிடமாவது கேட்கலாம். நான்கு நாள் இருந்தால் அடகுக்கடைதான்.

கையிருப்பு வைக்கலாம் என்றால் தலைவருக்கு ஒரு பயம். “வருஷக் கடைசியில பணம் மிச்சம் இருந்தா வருமானவரிக்காரங்க புடுங்கிடுவாங்க” என்பார். அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும் எதையாவது வாங்கித் தள்ளுவோம். ஆபீஸில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி சேர்ந்தது அப்படித்தான். ஆபீஸில் மொத்தம் நான்கு பேர். ஒருநாள் ஆடிட்டரையே கூட்டத்துக்கு அழைத்துவந்து பேசவைத்தேன். பதிவு பெற்ற அறக்கட்டளை அந்த வருஷ வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டால் போதும், மீதி 15 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் வைக்க வேண்டுமென்றால் இன்ன காரியத்துக்கு என்று தீர்மானம் போட்டு, படிவம் 10 கொடுத்து, ஐந்து வருஷம் வரை சேர்க்கலாம் என்று அவர் நிதானமாக விளக்கினார். நான் சொல்வது 1961ஆம் வருஷத்து வருமானவரிச் சட்டத்தின்படி. இப்போது சட்டமே புதிதாகிவிட்டது, விதியையும் படிவ எண்ணையும் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் விஷயம் இதுதான்: சேமிப்பு சட்ட விரோதம் என்று நாங்கள் பத்து வருஷம் நம்பியது வெறும் வதந்தி. மூன்று மாத மதிப்பூதியம் 1,18,800 ரூபாய். அதைத் தனி வைப்புக் கணக்கில் சேர்க்க எங்களுக்கு மூன்று வருஷம் ஆனது. பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வரி இருந்ததால்தான் அதுவும் ஆனது. “மிஞ்சினா சேர்ப்போம்” என்று விட்டிருந்தால் ஒரு ரூபாய் சேர்ந்திருக்காது.

2018இல் வேறொரு கம்பெனி 24 டேப்லட் தந்தது. இலவசம். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் எனக்கும் இல்லை. விழா வைத்து, ரிப்பன் வெட்டி வாங்கிக்கொண்டோம். பிறகு கணக்குப் போட்டேன். நெட் ரீசார்ஜ் ஒன்றுக்கு மாதம் 200, பத்து மாதம், 24 கருவிக்கு 48,000 ரூபாய். பூட்டுப் பெட்டி, சார்ஜர், உடைந்த திரை தனி. வாசிப்பு வேலை மொத்தத்துக்கும் நாங்கள் ஒதுக்கியது 43,200தான். யானையை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள், கட்டித் தீனி போடுவது எங்கள் தலையில் விழுந்தது. ஒன்றரை வருஷத்தில் பாதி டேப்லட்கள் பீரோவில் பேட்டரி உப்பிக் கிடந்தன. இப்போது பொருளாக எது வந்தாலும் வாங்குவதற்கு முன் அதன் மூன்று வருஷப் பராமரிப்பு எவ்வளவு என்று எழுதி, அதையும் சேர்த்துத் தருவீர்களா என்று கேட்கிறோம். சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர் தந்திருக்கிறார்கள்.

அதே சமயம் கைச்செலவு என்று ஒவ்வொரு மையத்துக்கும் மாதம் 300 ரூபாய் கொடுக்கத் தொடங்கினோம். டீச்சர் யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம், வவுச்சர் மட்டும் வேண்டும். “பொய் பில் வரும்” என்று எச்சரித்தார்கள். வந்த வவுச்சர்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது எனக்குத்தான் பாடம். பன்னிரண்டில் ஆறு மையங்களில் கொசுவத்தி. அதுவரை டீச்சர்கள் தங்கள் கைக்காசில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருட்டியபிறகு உப்பங்கழி ஓரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைக்கிறோம், கொசுவத்திக்கு ஒரு வரி இல்லாத பட்ஜெட்டை எட்டு வருஷமாக யாரோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள், கடைசி மூன்று வருஷம் நான். ஆபீஸில் உட்கார்ந்து எழுதும் தாளுக்குத் தெரியாதது அந்த 300 ரூபாய்க்குத் தெரிந்தது.

சம்பளக் கணக்கில் ஒன்றை எல்லோரும் மறக்கிறார்கள். நாங்களும் மறந்தோம். இன்னொரு ஒருங்கிணைப்பாளர் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு விலகினார். கடைசிச் சம்பளம் 9,100. கிராஜுவிட்டி, அதாவது பல வருஷம் வேலை பார்த்து விலகுகிறவருக்குத் தரும் பணிக்கொடை என்றால், கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பிறகு வருஷத்தால் பெருக்க வேண்டும். 63,000 ரூபாய். சட்டப்படி எங்களுக்குப் பொருந்துமா என்று ஒரு டிரஸ்டி விவாதித்தார். பன்னிரண்டு வருஷம் வெயிலில் சைக்கிள் மிதித்தவரை வெறுங்கையோடு அனுப்ப மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. கொடுத்தோம், ஆனால் அந்த வருஷத்துப் புத்தகக் காசு அதில்தான் போனது. வருஷத்துக்கு 5,250 என்று அப்போதைக்கப்போது ஒதுக்கியிருந்தால் வலித்திருக்காது.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தபோது ஏப்ரல் பட்ஜெட் கையெழுத்தாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதை முழுக்கச் சொன்னால் இந்தக் கட்டுரை போதாது. ஒன்று மட்டும்: குறிக்கோளிலிருந்து தொடங்கிய தாள் என்பதால் தலைப்புகளை மாற்றுவது எளிதாக இருந்தது. பஸ் செலவு பூஜ்யம் ஆனது, சோப்பும் முகக்கவசமும் வந்தன, புத்தகப் பை வீடு வீடாகப் போனது. பணம் தந்தவர்களுக்கு ஏப்ரல் முதல் வாரமே கடிதம் எழுதி, எந்தத் தலைப்பிலிருந்து எதற்கு மாற்றுகிறோம் என்று கேட்டோம். எல்லோரும் சம்மதித்தார்கள். செலவழித்துவிட்டு டிசம்பரில் கேட்டிருந்தால் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

எங்களுக்கு உண்மையான சோதனை 2021 அக்டோபர் 27இல் வந்தது. அன்று எங்கள் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, சாயங்காலம் 5 முதல் 7 வரை, ஊர்த் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். நாங்கள் செய்வதையே, எங்கள் நேரத்திலேயே, எங்கள் தெருவிலேயே அரசாங்கம் செய்யத் தொடங்கியது. முதல் மாதம் எங்களில் பலருக்கு எரிச்சல். “நம்ம புள்ளைங்கள இழுத்துடுவாங்க” என்று ஒருவர் சொன்னதும் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

2022 ஜனவரி பட்ஜெட் கூட்டத்தில் பழையபடி சுவரைக் காட்டினார். அங்கே பிள்ளை வாசிக்க வேண்டும் என்று இருந்ததே தவிர, நம் திண்ணையில் வாசிக்க வேண்டும் என்று இல்லை. ஐந்து ஊர்களில் தன்னார்வலர்கள் நன்றாகவே நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து மையங்களை மூடுவது என்று முடிவெடுத்தோம். பன்னிரண்டு ஏழானது. மூடிய மையங்களின் பணத்தில் ஒரு பகுதி புத்தகப் பைகளாகி அந்தத் தன்னார்வலர்களிடமே போனது. சனிக்கிழமைப் பயிற்சிக்கு அவர்களையும் அழைத்தோம். எங்கள் டீச்சர்கள் ஐவரில் மூவர் எஞ்சிய மையங்களுக்கு இரண்டாம் ஆளாக வந்தார்கள். இருவருக்கு வேலை இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னது நான்தான். அதில் ஒருவர் முதல்நாள் நான் கடிகாரம் வைத்துக் குறித்த அதே திண்ணை டீச்சர். “கணக்கு சரியாத்தான் சார் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வரியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அடுத்த அறிக்கையில் “12 மையம்” என்ற இடத்தில் “7 மையம்” என்று போட்டதும் நன்கொடையாளர்கள் பயந்தார்கள். அமைப்பு நொடித்துவிட்டதோ என்று ஒருவர் போன் செய்தார். வாசிக்கும் பிள்ளைகள் எண்ணிக்கையை முதல் பக்கத்துக்கும் மைய எண்ணிக்கையை மூன்றாம் பக்கத்துக்கும் மாற்றினேன்.

அதே வருஷம் சிஎஸ்ஆர் அதிகாரி ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். என் சம்பளம், வாடகை, ஆடிட் கட்டணம் எல்லாவற்றையும் வட்டமிட்டு, “நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது” என்றார். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கு உள்ள வரம்பு, களத்தில் வேலை செய்கிற அமைப்பின் செலவு அதில் வராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் கேள்வி–பதிலாகவே விளக்கம் வெளியிட்டிருந்தது. பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன், கொடுத்தேன். படித்துவிட்டு, “இருந்தாலும் எங்க மேனேஜ்மென்ட் ஒத்துக்காதுங்க” என்றார்.

நான் மில்லைப் பற்றிச் சொன்னேன். “சார், நெல்லுல அரிசிதான் முக்கியம், உமி கழிவுன்னு எல்லாரும் நெனைப்பாங்க. புழுங்கல் மில்லுல நெல்லு அவிக்கிற பாய்லர் உமியிலதான் எரியுது. உமிய மொத்தமா வித்துட்டா மறுநாளு அவிக்க நெருப்பு இருக்காது.” சிரித்தார். சிரித்ததால் முழுக்க ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தையும் சோதனைச் சுற்றுச் செலவையும் திட்டச் செலவில் சேர்க்கச் சம்மதித்தார், அவை அங்கே சேர வேண்டியவைதான். என் சம்பளத்தில் பாதியைத்தான் ஏற்றார். மீதிப் பாதிக்கு வருஷா வருஷம் உள்ளூர்க் கடைக்காரர்கள், பழைய நண்பர்கள் என்று இருபது முப்பது பேரிடம் சிறு தொகை வாங்குகிறோம். எந்த நிபந்தனையும் இல்லாமல் வரும் அந்தச் சிறு தொகைதான் எங்கள் பட்ஜெட்டில் மிக மதிப்புள்ள பணம். லட்சம் ரூபாய் டேப்லட்டில் வாங்க முடியாததை அப்படி வரும் 500 ரூபாயில் வாங்கலாம்.

மாதாமாதம் 5ஆம் தேதி ஆபீஸ் சுவரில் சார்ட் ஒட்டுகிறோம். போட்டது, ஆனது, மிச்சம், மூன்றே பத்தி. வாசிப்புத் தலைப்பில் பணம் செலவாகாமல் கிடந்தால்தான் எனக்கு இப்போது கவலை. சிக்கனம் என்று முதலில் மகிழ்ந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமைப் பயிற்சி நடக்கவில்லை, சோதனைச் சுற்று தள்ளிப்போனது என்பதன் அடையாளம் அது.

“எதிர்பாராத செலவு” என்று 20,000 ரூபாயை ஒவ்வொரு வருஷமும் போடுவேன், ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு டிரஸ்டி அதை வெட்டப் பார்ப்பார். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரை கடந்தபோது இரண்டு மையங்களில் முழங்கால் அளவு தண்ணீர். போய்ப் பார்த்தபோது துணிப் பை சேற்றில் மிதந்தது. ஒரு மையத்துப் புத்தகம் முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில் டீச்சர் புத்தகங்களை மாடிக்குத் தூக்கியிருந்தார், ஆனால் ஓடு ஒழுகி முக்கால்வாசி நனைந்திருந்தன. அந்த 20,000இல் பாதிக்கு மேல் ஒரே வாரத்தில் போயிற்று. பாய், பல்பு, ப்ளீச்சிங் பவுடர், புதிதாக நாற்பது புத்தகம்.

டிசம்பர் மாத வவுச்சர்களைப் பதியும்போது அந்த டீச்சரின் கைச்செலவில் ஒரு சீட்டு இருந்தது. “துணி கிளிப் 3 டஜன், நைலான் கயிறு 1 – ரூ. 95.” எதற்கு என்று போன் செய்தேன். நனைந்த புத்தகங்களைப் பக்கம் பிரித்துக் கொடியில் காயப்போட்டாராம். காய்ந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகள் கொடிக்கு அடியில் நின்று, அண்ணாந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்களாம். “பக்கம் மாறி மாறி இருக்கா சார், கத ஒன்னுக்கொன்னு சேரல. அதுக்கே சிரிச்சிக்கிட்டு நிக்குதுங்க.”

பராமரிப்பு என்று பென்சிலால் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, வாசிப்புத் தலைப்பில் 95 ரூபாய் பதிந்தேன்.